பழைய வீட்டுக் கூரைக்கு எந்த ஓடு? நாழி ஓடு, சீமை ஓடு, புதிய மாற்றுகள்: ஒரு மதிப்பீடு

பழைய ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்தால் வீட்டுக்காரரின் காதில் முதலில் விழும் யோசனை, "எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு ஷீட் அடிச்சிருங்க" என்பதுதான். அடுத்தது காங்கிரீட். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே தேவையில்லை. ஒழுகும் இடத்தில் நாலு ஓட்டைத் தூக்கிப் பாருங்கள். அனேகமாக ஓடு நன்றாகவே இருக்கும். மக்கிய ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் குறுக்குப் பட்டை மரம்), துருப்பிடித்து ஓட்டை விழுந்த கூடல்வாய்த் தகரம் (இரண்டு சரிவுகள் பள்ளமாகச் சேரும் இடத்துத் தகடு), வெடித்த முகட்டுக் காரை, இவற்றில் ஒன்றுதான் தண்ணீரை உள்ளே விட்டிருக்கும். பழி மட்டும் ஓட்டின் மேல் விழுகிறது.

இன்று கிடைக்கும் கூரைப் பொருள்களை ஒரே ஒரு கேள்வியோடு இங்கே பார்க்கிறோம்: ஐம்பது, நூறு வருஷத்து மரச்சட்டத்தின் மேல் இதை ஏற்றலாமா? புது வீட்டுக்கும் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் இந்த முடிவுகள் பொருந்தாது.

முதலில் உங்கள் கூரை எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு, தஞ்சைப் பகுதி, ராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் அரைவட்ட நாழி ஓடுதான் அதிகம். நாட்டு ஓடு என்பதும் அதைத்தான். கன்னியாகுமரி, செங்கோட்டை, பொள்ளாச்சி போலக் கேரளத்தை ஒட்டிய ஊர்களில் தட்டையான, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு அதிகம். ஒரே வீட்டில் முன்கட்டு சீமை ஓடும் பின்கட்டு நாழி ஓடுமாக இருப்பதும் உண்டு. அப்படியானால் அவற்றை அப்படியே விடுங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு, பாரம் வேறு, தண்ணீர் ஓடும் விதமும் வேறு.

நாழி ஓடு

சக்கரத்தில் ஒரு பக்கம் சற்றுக் குறுகிய குழாயாக வனைந்து, அரைக் காய்ச்சலில் நெடுக இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டு எடுப்பது கையால் செய்த நாழி ஓடு. நீளம் ஏறத்தாழ ஒரு சாண். ஒரு வரிசையை மல்லாக்க வைத்து, இரண்டு வரிசைக்கு நடுவில் உள்ள சந்தை அடுத்த வரிசையைக் கவிழ்த்து மூட வேண்டும். மல்லாந்த ஓட்டின் குறுகிய முனை கீழே பார்க்கும், கவிழ்ந்த ஓட்டின் அகன்ற முனை கீழே பார்க்கும். இதை மாற்றி வைத்தால் அடுக்கு சரியாக உட்காராது. ஒவ்வொரு மூட்டும் மேடாக நின்று தண்ணீரைத் தடுக்கும். அவசரமாக வேயப்பட்ட கூரைகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது.

எத்தனை ஓடு வேண்டும் என்பதை வியாபாரியிடம் கேட்காதீர்கள். உங்கள் ஓட்டை வைத்தே கணக்கிடலாம். ஒரு மல்லாந்த வரிசையின் நடுவிலிருந்து அடுத்த மல்லாந்த வரிசையின் நடு வரை 11 செ.மீ., ஒவ்வொரு ஓட்டிலும் வெளியே தெரியும் நீளம் 10 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு மேலும் கீழுமாகச் சுமார் 180 ஓடு. வெளியே தெரிவதை 7 செ.மீ. ஆக்கி நெருக்கமாக அடுக்கினால் 260. செட்டிநாட்டு வீடுகளில் இதைவிடவும் நெருக்கமான அடுக்கைப் பார்க்கலாம். அந்தக் கூரைகள் இவ்வளவு காலம் நின்றதற்கு அதுவே முக்கிய காரணம். மேல் ஓடு ஒன்று உடைந்தாலும் கீழே இன்னொன்று தண்ணீரை ஏந்திக்கொள்ளும். செலவைக் குறைக்க வெளித்தெரியும் நீளத்தை 13, 14 செ.மீ. என்று இழுத்தால் காற்றோடு வரும் முதல் மழையே உள்ளே வந்துவிடும்.

நாழி ஓட்டின் பலவீனங்களையும் சொல்லத்தான் வேண்டும். அது எதிலும் பூட்டிக்கொள்வதில்லை, தன் எடையாலும் உராய்வாலும் மட்டுமே நிற்கிறது. ஆகவே சரிவு 25 முதல் 30 பாகைக்குள் இருப்பது நல்லது. அதைவிடச் செங்குத்தானால் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பூனை ஓடினாலும் குரங்கு குதித்தாலும் நகரும். வேம்பும் புளியும் கூரைக்கு மேலே இருந்தால் சருகு மல்லாந்த ஓட்டில் தேங்கி, தண்ணீர் பின்வாங்கிப் பக்கவாட்டில் வழியும். வருஷத்துக்கு ஒரு முறை சருகை அள்ளி, நகர்ந்ததை ஏற்றி வைத்து, உடைந்ததை மாற்றினால்தான் இந்தக் கூரை நிற்கும். அதற்கு ஆள் கிடைக்காத ஊரில் நாழி ஓட்டின் மதிப்பு பாதியாகிவிடும் என்பதே உண்மை.

நகர்வைக் குறைக்க வழி உண்டு. இறவாரத்தில், அதாவது கூரையின் கீழ் ஓரத்தில், முதல் இரண்டு வரிசையையும், ஓரங்களையும், மேலே ஏறும்போது ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒரு வரிசையையும் சுண்ணாம்புக் காரையில் பதித்துவிட்டால், நடுவில் இருக்கும் ஓடுகள் சரிந்தாலும் அந்தப் பட்டையில் வந்து நின்றுவிடும். கூரை முழுவதையும் காரையில் பதிப்பது தவறு. பாரம் ஏறும், உடைந்த ஓட்டை மாற்ற முடியாது, காரையில் விழும் ஒவ்வொரு வெடிப்பும் தண்ணீரை மரத்துக்குக் கொண்டுபோகும்.

புதிதாக வாங்குவதில் பெரிய சிக்கல் இருக்கிறது. சக்கரத்தில் வனையும் குயவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது அதிகமாகக் கிடைப்பது இயந்திரத்தில் அழுத்திய அரைவட்ட ஓடு. அது தடிமனாக, இரு முனையும் ஒரே அகலத்தில் இருக்கும். குறுகல் இல்லாததால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி உட்காராமல் மேலோடு தூக்கி நிற்கும். பழைய ஓட்டோடு கலந்தால் அந்த இடம் மட்டும் வாய் பிளந்துகொண்டிருக்கும். ஆகவே எங்கள் பரிந்துரை: இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய நாழி ஓட்டைத் தேடுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இடித்த வீட்டுச் சாமான் விற்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கிடைத்ததைக் கவிழ்ந்த வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது ஓடு வாங்கியே தீர வேண்டும் என்றால் அதை ஒரு முழுச் சரிவுக்கு, பின்பக்கத்துக்கு, தனியாகப் போடுங்கள். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் வரக்கூடாது.

சீமை ஓடு: பழையதா, புதியதா?

1865-இல் மங்களூர் ஜெப்புவில் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் தொடங்கிய ஆலையிலிருந்து இந்த வகை பரவியது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் நேத்ராவதிக் கரையின் களிமண்ணைக் கொண்டு அதைத் தொடங்கினார். பிறகு கோழிக்கோடு, கொடக்கல், பெரோக் என்று மலபார் முழுவதும் ஆலைகள் வந்தன. அந்த ஓட்டின் முதுகில் 1865 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, வீடும் அந்த வருஷத்தது என்று நம்புபவர்கள் உண்டு. அது ஆலை தொடங்கிய வருஷம், ஓடு அறுத்த வருஷம் அல்ல. இந்த முத்திரையைக் காட்டி யாராவது அதிக விலை சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரையைப் பார்க்க அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆலையின் அச்சும் சற்று வேறு. பக்கவாட்டுத் தடத்தின் ஆழம், மேல் உதட்டின் உயரம், கீழே ரீப்பரில் மாட்டும் மூக்கின் இடம் ஆகியவற்றில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே போதும், பூட்டு உட்காராது. மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். காற்றடிக்கும் மழையில்தான் வித்தியாசம் தெரியவரும். ஆகவே பழைய ஓடு வாங்கும்போது உங்கள் வீட்டு ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். குவியலில் அதே முத்திரை உள்ளதை மட்டும் பொறுக்குங்கள். இரண்டு முத்திரை கலந்துதான் கிடைக்கிறது என்றால் முன்சரிவுக்கு ஒன்று, பின்சரிவுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

பழைய சீமை ஓட்டுக்கு எங்கள் ஓட்டு உண்டு, தயக்கமே இல்லை. அறுபது, எண்பது மழைக்காலம் தாங்கிய ஓட்டில் அரைவேக்காடு, மண்ணில் சுக்கான் கலப்பு போன்ற குறைகள் இருந்திருந்தால் அவை எப்போதோ வெளிப்பட்டு, அந்த ஓடு கழிக்கப்பட்டிருக்கும். இப்போது மிஞ்சியிருப்பது தேறியது. ஆனாலும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டை ஒரு மூலையில் தொங்கப் பிடித்து விரல் மொட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் மயிர்வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அடிப்பக்க மூக்கு உடைந்த ஓட்டை முழு ஓடாக வாங்காதீர்கள். கூடல்வாய் ஓரத்தில் வெட்டிப் போட மட்டுமே அது ஆகும். மூக்கு இல்லாத ஓடு ரீப்பரில் மாட்டாமல் கீழே வழுக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வழியில் கட்டுபவர்கள் நிரப்புத் தளத்துக்காக (காங்கிரீட் தளத்துக்குள் ஓட்டை வைத்து நிரப்பும் முறை) பழைய ஓட்டை வாங்குகிறார்கள். அந்த வேலைக்கு மூக்கு உடைந்ததே போதும். நல்லதும் உடைந்ததும் ஒரே விலையில் கலந்து வந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

புது ஓட்டுக்கு ஐ.எஸ். 654 என்ற இந்தியத் தர அளவுகோல் இருக்கிறது. ஏஏ, ஏ என்று இரண்டு வகை. ஏஏ வகை தன் எடையில் 18 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது, ஏ வகைக்கு 20 சதவீதம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நன்றாகக் காய்ந்த ஓட்டை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, எடுத்துத் துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். 2.5 கிலோ ஓடு 2.95 கிலோவுக்குள் நின்றால் ஏஏ வரம்புக்குள் இருக்கிறது. லோடின் மேலே தெரியும் ஓட்டை மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து ஆறு ஓட்டையாவது சோதியுங்கள். சூளையின் ஓரத்தில் வெந்ததும் நடுவில் வெந்ததும் ஒரே தரத்தில் இருக்காது.

அந்த சதவீதம் ஒழுகலைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு சதுர மீட்டருக்கு 14 ஓடு, ஓடு மட்டும் 35 கிலோ. 18 சதவீதம் குடித்தால் மழை நாளில் கூடுதலாக 6 கிலோவுக்கு மேல். நூறு சதுர மீட்டர் கூரைக்கு அது 600 கிலோவைத் தாண்டும். 25 சதவீதம் குடிக்கும் அரைவேக்காட்டு ஓடு போட்டால் இது 875 கிலோவுக்குப் போய்விடும். நூறு வருஷத்துக் கைமரத்துக்கு (சரிவைத் தாங்கும் சாய்வு மரம்) அந்தக் கூடுதல் 250 கிலோ பெரிய விஷயம்.

கூடவே இன்னும் மூன்று சோதனைகள். ஓட்டின் நாலு ஓரத்திலும் களிமண்ணால் வரப்புக் கட்டி, தண்ணீர் ஊற்றி ஆறு மணி நேரம் விடுங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் பரவாயில்லை, சொட்டு விழக்கூடாது. அடுத்து, சமதளப் பலகையில் கவிழ்த்து வைத்து எந்த மூலை தூக்குகிறது என்று பாருங்கள். 8 மி.மீ. தாண்டிய முறுக்கல் உள்ளதைத் திருப்பி அனுப்பிவிடலாம். கடைசியாக, தண்ணீரில் ஊறிய ஓட்டை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பாருங்கள். மேலே வெள்ளைப் புள்ளி தோன்றி அதைச் சுற்றிச் சில்லு தெறித்தால் மண்ணில் சுக்கான் கல் இருந்திருக்கிறது. அது சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, ஈரம் பட்டதும் உப்பித் தெறிக்கிறது. அந்த லோடு முழுவதுமே ஆகாது. விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

அளவு கணக்கிடும்போது தரைப்பரப்பை வைத்து ஓடு சொல்பவரிடம் கவனமாக இருங்கள். 30 பாகைச் சரிவுக்குத் தரைப்பரப்பை 1.155-ஆல் பெருக்க வேண்டும். இறவாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியையும் சேர்த்த 1,000 சதுர அடி என்றால் கூரை 1,155 சதுர அடி, அதாவது சுமார் 107 சதுர மீட்டர். 14 வீதம் 1,500 ஓடு, உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்து சதவீதம் சேர்த்து 1,650. முகட்டு ஓடு ஒரு மீட்டருக்கு மூன்று. கூடல்வாயும் மூலைக்கையும் (இரண்டு சரிவுகள் மேடாகச் சேரும் மூலை) நிறைய உள்ள முற்றத்து வீட்டுக்கு வெட்டுச் சேதம் அதிகம், பதினைந்து சதவீதம் வைத்துக்கொள்ளலாம்.

மாற்று என்று விற்கப்படுபவை

காங்கிரீட் ஓடு: பழைய சட்டத்துக்கு வேண்டாம். ஒன்று நாலு கிலோவுக்கு மேல், சதுர மீட்டருக்குச் சுமார் பத்து. சீமை ஓட்டைவிடச் சதுர மீட்டருக்கு ஏழெட்டுக் கிலோ கூடுதல், மொத்தக் கூரைக்கு முக்கால் டன். ரீப்பர் இடைவெளியும் வேறு என்பதால் எல்லா ரீப்பரையும் பிடுங்க வேண்டிவரும். மேலே பூசிய நிறம் வெயிலில் வெளுத்துவிடும்.

பளபளப்பு பூசிய செராமிக் ஓடு தண்ணீர் அதிகம் குடிக்காது, பாசியும் எளிதில் பிடிக்காது. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பழைய அச்சோடு பூட்டாது, பழுது பார்க்கும்போது அதே அச்சு மறுபடி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இருபது வருஷம் கழித்து உடைந்த பத்து ஓட்டுக்காகக் கூரை முழுவதையும் மாற்ற நேரலாம். மண் ஓட்டின் பெரிய பலமே ஒன்று ஒன்றாக மாற்றிக்கொள்ள முடிவதுதான்.

ஓடு போல அழுத்திய இரும்பு ஷீட்டுக்கு எடை குறைவு, வேலை இரண்டே நாள். எல்லோரும் சத்தத்தையும் சூட்டையும் குறையாகச் சொல்வார்கள், இரண்டும் உண்மைதான். அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. பழைய மரச்சட்டம் பல வீடுகளில் சுவரோடு முடுக்கப்படவில்லை, ஓட்டின் பாரமே அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 35 கிலோ ஓடு இருந்த இடத்தில் ஐந்தாறு கிலோ ஷீட்டைப் போட்டால், புயல் காற்று சட்டத்தோடு சேர்த்துத் தூக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறிய வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஷீட் போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்த் தட்டுச் சட்டத்தோடும் (சுவரின் மேல் படுத்திருக்கும் மரம்), தட்டுச் சட்டத்தைச் சுவருக்குள்ளும் இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். அந்தச் செலவை யாரும் விலைப்புள்ளியில் எழுதுவதில்லை.

நெளி ஷீட்டைக் கீழே போட்டு அதன் நெளிவுக்குள் நாழி ஓட்டை அடுக்கும் முறையை இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பரவலாக்கினார். புதுக் கட்டடத்துக்கு அருமையான முறை, ஓடு நகர்ந்தாலும் ஒழுகாது. பழைய வீட்டில் கைமரங்கள் ஒரே மட்டத்தில் இருப்பது அபூர்வம். வளைந்த பனஞ்சட்டத்தின் மேல் விறைப்பான ஷீட் உட்காராமல் திருகில் விரியும். உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓடும் மரமும் தெரிந்த இடத்தில் ஷீட் தெரியும். எந்த நிலையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை வாங்காதீர்கள். ஏற்கனவே இருந்தால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

ஓட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பதையும் ஒரு சேவையாக விற்கிறார்கள். மண் ஓடு தண்ணீரைக் கொஞ்சம் குடித்து, வெயிலில் திருப்பி விட்டுவிடும். மேலே படலம் மூடினால், மூட்டு வழியாகவும் அடிவழியாகவும் ஏறிய ஈரம் வெளியேற முடியாது. கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தோடு வந்த உப்பு படலத்துக்குக் கீழே பூத்து ஓட்டின் தோலையே உரித்துவிடும். அதிவேகத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் அப்படியே, சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விடும். பாசியைக் கோடையில் காயவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கினால் போதும்.

ஓட்டுக்குக் கீழே இருப்பதுதான் கூரை

எந்த ஓட்டை வாங்கினாலும் வேலையின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

பிரிக்கும்போது ஒரு சரிவை முழுவதும் காலி செய்துவிட்டு மறு சரிவுக்குப் போகக்கூடாது. இரண்டு பக்கப் பாரமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால்தான் முகட்டு உத்திரம் அசையாமல் இருக்கிறது. ஒரு பக்கம் இலேசானால் சட்டம் சாயும், சுவர் மேல்வரிசை தள்ளப்படும். இரு பக்கமும் முகட்டிலிருந்து கீழாக, வரிசைக்கு வரிசை சமமாகப் பிரிக்க வேண்டும். ஏற்றும்போது இறவாரத்திலிருந்து மேலாக, அதேபோல இரு பக்கமும் சமமாக. கூலி ஆட்கள் ஓடு முழுவதையும் கூரையின் ஒரே மூலையில் அடுக்கி வைப்பார்கள். அதை விடவே கூடாது.

பிரித்ததும் கைமரத்தின் சுவர் முனைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி இரும்பாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஒரு முழம் மட்டும் மக்கியிருக்கும். முழு மரத்தையும் மாற்ற வேண்டாம். மக்கிய பகுதியை அறுத்து, அதே இனமான முற்றிய மரத்தைச் சாய்வெட்டு மூட்டில் இணைத்து, இரண்டு போல்ட் போடலாம். முனையைச் சிமென்ட்டால் அடைத்ததுதான் பல வீடுகளில் மக்கலுக்குக் காரணம். பக்கங்களில் விரல் நுழையும் இடம் விட்டு, தேவையான இடத்தில் சுண்ணாம்புக் காரை மட்டும் வையுங்கள். பூச்சி மருந்துக்கு 100 லிட்டர் தண்ணீரில் போராக்ஸ் 3.6 கிலோ, போரிக் ஆசிட் 2.4 கிலோ கரைத்து, மரம் குடிக்கும் வரை தூரிகையால் தரலாம். மழை நேராகப் படும் இறவார முனையில் இது கரைந்து போய்விடும், அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் நிலைக்கும்.

சீமை ஓட்டின் ரீப்பர் இடைவெளியை 32 செ.மீ. என்று மனப்பாடமாகச் சொல்லி ஆசாரி அடித்துவிடுவார். உங்கள் கையில் உள்ள ஓட்டுக்கு அது 31 ஆகவும் இருக்கலாம், 33 ஆகவும் இருக்கலாம். தரையில் பதினொரு ஓட்டை வரிசையாகப் பூட்டி, நெருக்கித் தள்ளி முதல் ஓட்டின் மூக்கிலிருந்து கடைசி ஓட்டின் மூக்கு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு பூட்டு விடுபடாத அளவுக்கு இழுத்து மறுபடி அளந்து, இரண்டின் சராசரியைப் பத்தால் வகுங்கள். அதுதான் இடைவெளி. இந்த அளவுக்கு ஒரு கட்டை வெட்டிக்கொண்டு எல்லா ரீப்பரையும் அதை வைத்தே அடிக்க வேண்டும். கைமரம் 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் இருந்தால் 50க்கு 25 மி.மீ. ரீப்பர் போதும். இறவாரத்தின் முதல் ரீப்பர் மட்டும் மற்றவற்றைவிட ஒரு ஓட்டுத் தடிமன் உயரமாக இருக்க வேண்டும். அதன் கீழே தாங்க இன்னொரு ஓடு இல்லாததால், உயர்த்தாவிட்டால் முதல் வரிசை கீழ்நோக்கித் தொங்கி இரண்டாவது வரிசையின் பூட்டு வாய் திறந்துகொள்ளும்.

சரிவு இரண்டுக்கு ஒன்று, அதாவது 26 பாகைக்குக் கீழே இருந்தால் எந்தச் சீமை ஓடும் காற்று மழையில் தாங்காது. தாழ்வாரத்தை நீட்டுவதற்காகச் சரிவைக் குறைத்த இடங்களில்தான் இந்தப் புகார் வருகிறது. அங்கே ஓட்டை மாற்றிப் பயனில்லை. இறவாரம், ஓரம், முகட்டுக்கு அடுத்த வரிசை ஆகிய மூன்றிலும் ஓட்டின் அடிமூக்கில் உள்ள துளை வழியாகச் செம்புக் கம்பி விட்டு ரீப்பரில் கட்டிவிடுங்கள். காற்று முதலில் பிய்ப்பது இந்த மூன்றையும்தான்.

கூடல்வாய்க்கு வருவோம். முற்றம் உள்ள வீட்டில் நாலு மூலையிலும் இரண்டு சரிவின் தண்ணீர் முழுவதும் இதில்தான் இறங்குகிறது. கூரையிலேயே முதலில் கெடும் இடமும் இதுதான். தகடு 60 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். இரு பக்கமும் ஓடு 10 செ.மீ.க்குக் குறையாமல் தகட்டின் மேல் ஏற வேண்டும், நடுவே 12 முதல் 15 செ.மீ. திறந்த வாய்க்கால் வேண்டும். தகட்டின் இரு ஓரமும் மேலே மடிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக வரும் தண்ணீர் எதிர்ச்சரிவின் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். செம்புத் தகடு நீண்ட நாள் வரும். அலுமினியம் பரவாயில்லை, ஆனால் ஈரச் சுண்ணாம்போ சிமென்ட்டோ அதன் மேல் நேராகப் படக்கூடாது, அரித்துவிடும். செம்புக்குக் கீழே துத்தநாகம் பூசிய இரும்புத் தூம்பு வைத்தால், செம்பைக் கழுவி வரும் தண்ணீர் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். மேலும் கீழும் ஒரே உலோகமாக இருக்கட்டும். தகட்டின் மேல் ஓட்டு ஓரத்தைச் சிமென்ட் வைத்து அடைப்பது பரவலான வழக்கம். அந்த அடைப்பில் சருகு தங்கும், தண்ணீர் தேங்கும், தகடு ஓட்டையாகும்.

முகட்டு ஓட்டைச் சிமென்ட்டில் பதிக்காதீர்கள். மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும்போது விறைப்பான சிமென்ட் ஓட்டிலிருந்து விட்டுப் பிரிகிறது. மயிரிழை வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முகட்டு உத்திரத்தில் உட்கார்ந்துவிடும். நீற்றுச் சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, சலித்த மணல் 2 என்ற கலவை போதும். ஓட்டை நனைத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் காரை வைத்து, உள்ளே வெற்றிடம் விட்டுப் பதியுங்கள். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாளாவது காக்க வேண்டும். சுண்ணாம்பு காய நேரம் எடுக்கும். வடகிழக்குப் பருவமழை மட்டும் உள்ள ஊர்களில் ஆவணிக்குள் முகட்டு வேலை முடிந்துவிட வேண்டும். கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கம் வைகாசி பாதிக்குள்.

ஓட்டுக்கு அடியில் தார்ப்பாயோ பிளாஸ்டிக் ஷீட்டோ விரிப்பது அவசர மருந்தாக ஒரு மழைக்காலத்துக்குச் சரி. நிரந்தரமாக விட்டால் அதன் மேல் தேங்கும் ஈரம் ரீப்பரை ஊற வைக்கும். ரீப்பரின் மேல்பக்கம் மக்குவது கீழிருந்து தெரியாது, ஓடு சரிந்து விழும்போதுதான் தெரியும். சூட்டைக் குறைக்க வேண்டும் என்றால் சீமை ஓட்டுக்கு அடியில் தட்டோடு (தட்டையான சிறிய ஓடு) அடுக்குவதே பழைய, நல்ல வழி. இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்று வெளி சூட்டைத் தடுக்கும். எடை சதுர மீட்டருக்கு 15 கிலோ அளவுக்குக் கூடும் என்பதால் மரத்தைச் சரிபார்த்த பிறகே செய்யுங்கள்.

ஒப்பந்தம் பேசும்போது

மொத்தத் தொகைக்குப் பேசினால் பழைய ஓடு உடைவதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிரித்து, தட்டிப் பார்த்து, நல்லதைத் தனியே அடுக்குவதற்கு ஒரு விகிதம், வேய்வதற்கு ஒரு விகிதம் என்று பிரித்து எழுதுங்கள். மர வேலையைப் பிரித்த பிறகு அளந்து பேச வேண்டும். பிரிக்காமலே சொல்லும் மர விலை கற்பனைதான். ரீப்பர் இடைவெளி, கூடல்வாய்த் தகட்டின் உலோகமும் அகலமும், முகட்டுக் காரையின் கலவை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் ஒரு நல்ல மழை பார்க்கும் முன் கொடுத்துவிட வேண்டாம்.

வேலை முடிந்த கூரையைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பிறகு வருபவர்கள்தான். கேபிள் இழுக்க, சோலார் ஹீட்டர் மாட்ட ஏறுபவர்கள் ஓட்டின் நடுவில் மிதிப்பார்கள். ரீப்பருக்கு நேர் மேலே, ஓட்டின் கீழ் ஓரத்தில்தான் கால் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, முகட்டில் கொக்கி மாட்டிய ஏணிப்பலகை ஒன்றை வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்வது. மிஞ்சிய ஓட்டில் ஐந்து சதவீதத்தை விற்காமல், அதே முத்திரையில், படுக்கப் போடாமல் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கி வையுங்கள். படுக்க அடுக்கினால் அடி ஓடுகளின் மூக்கு உடையும். வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு வாங்குவதானால் இந்த இருப்பிலிருந்து ஒரு மண் ஓட்டைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பூட்டிப் பார்த்து வாங்குங்கள்.